கால் மரத்துப்போச்சி

சத்யப்ரியா சுவரைப் பார்த்துப் படுத்து மூன்று நாளாயிற்று. பொம்மையார்பாளையத்திலிருந்து கடல் நீச்சல் போட்டி. மரக்காணம் கரைக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது துணைக்கு வந்த படகில் ஏறிவிட்டாளாம். கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “கால் மரத்துப்போச்சி.”

“ஒரு வாய் சாப்பிடுடி,” என்று கெஞ்சினாள் பொன்னம்மாள். அசைவே இல்லை. பெற்ற பெண் ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயந்தாள்.

வாசலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவன்மேல் பாய்ந்தாள்.

“ஏன்யா, நீதானே அவகூட படகுல போன? இன்னும் கொஞ்ச தூரம்தான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

கண்ணாயிரம் தலை நிமிரவில்லை.

“தண்ணி வேணும்னா கையைத் தூக்குவேன், பாட்டிலைப் போடுப்பான்னு சொல்லிட்டுதான் எறங்கினா. தூக்கினா. கடல்ல ஒருத்தர் கையைத் தூக்கினா முழுகுறாங்கன்னு இல்லாம நமக்கு வேற என்னா தோணும்? படகைத் தொட்டாலே போட்டியில இல்லைன்ற சட்டமெல்லாம் மறந்துபோச்சி. இழுத்துப் போட்டுட்டேன்.”

பொன்னம்மாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“கால்தாம்மா மரத்துப்போச்சி. அப்பாவ விடு.”