நீல வாளி

குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத்தான் வெர்னன் அந்த ஏசியின் வெளிப்பெட்டியைக் குளிப்பாட்டுவார். விடிந்ததும் நீல வாளியோடு பின்வாசல் வழியாகப் போய், அலுங்காமல் ஊற்றிக் கழுவுவார். இன்றைக்கும் விடவில்லை.

"கடலுக்கு இவ்வளவு கிட்ட வீடு. இரும்பு நிலைக்காது. தினம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க, தாங்கும்" என்று மெக்கானிக் எலியாசர் முதல் தடவையே சொல்லியிருந்தார். கழுவியும் என்ன பயன்? ஏழு வாரத்தில் மூன்றாவது முறையாக, நேற்று மதியம் ஏசி நின்றுபோனது.

லோர்னா ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு சமையலறைத் தரையில் படுத்திருந்தாள். மெக்சிகோவின் மசாத்லான் கடற்கரையில் செப்டம்பர் மாதம். கழுத்தெல்லாம் வேர்க்குரு, விடும் மூச்சே சுட்டது. குளிருக்குப் பயந்து வந்த மற்ற கனடாக்காரர்கள் ஏப்ரலிலேயே ஊர் திரும்பிவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேர்தான் வீட்டை விற்றுவிட்டு, இனி இங்கேதான் என்று வந்தவர்கள்.

வெர்னனின் முப்பது வருடக் கனவு அது. விருந்து வைத்து, வாசல் பனியை அள்ளும் மண்வாரியை மைத்துனன் ரஸ் கையில் கொடுத்து, "இனி செத்தாலும் இதைத் தொட மாட்டேன்டா" என்று ஊரே கேட்கச் சொல்லிவிட்டு வந்த மனிதர்.

அவரிடம் போய் 'முடியலை, திரும்பிப் போயிடலாம்' என்று எப்படிச் சொல்வாள், பாவம்? தொண்டை வரை வந்த வார்த்தையைத் தினமும் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள்.

அந்தத் தண்ணீருக்கும் முந்தாநாளிலிருந்து பஞ்சம். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மொட்டைமாடித் தொட்டியும் காலி. குடிக்க ஒரு கேன் மட்டும் மிச்சம்.

வெர்னன் சொட்டும் வாளியோடு உள்ளே வந்தார். "ஏ கிழவி, நம்ம ஊர்ல இன்னிக்கு நாலு டிகிரியாம். ரஸ் பய நடுங்கிட்டிருப்பான்" என்றார், கைபேசியைப் பார்த்தபடி. தினமும் இதைப் படித்துச் சொல்லாமல் அவருக்குக் காபி இறங்காது.

"ஐயோ பாவம்" என்றாள் லோர்னா. ரஸ்ஸுக்குப் பதில் தான் நடுங்கக் கூடாதா என்றிருந்தது.

எலியாசர் பையோடு வந்து சேர்ந்தார். "என்ன சென்யோர் வெர்னன், உங்க பெட்டிக்கு என்மேல காதலா? மாசம் தவறாம கூப்பிடுதே!" என்று சிரித்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினார்.

சிரிப்பு பாதியில் நின்றது. பெட்டியின் அடித்தட்டில் விரலை ஓட்டி, நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஒரேடியா கரிக்குதே. கழுவுறீங்களா, இல்லையா?"

"அவரைக் குத்தம் சொல்லாதீங்க. ஒரு நாள் தவறாம கழுவுறார், நான்தான் பாக்கிறேனே" என்று லோர்னா பரிந்துகொண்டு வந்தாள்.

எலியாசர் உள்ளங்கையை அவளிடம் நீட்டினார். கொஞ்சம் மணல், நகத்தளவில் ஒரு சிப்பி.

"கடல்காத்து உப்பைக் கொண்டாரும், சென்யோரா. சிப்பியையுமா கொண்டாரும்?"

லோர்னா சிப்பியைப் பார்த்தாள். பிறகு நீல வாளியைப் பார்த்தாள்.

"வெர்னன்... ரெண்டு நாளா குழாய்ல சொட்டுத் தண்ணி இல்லையே. எங்கேருந்து மொண்டு ஊத்தினே?"

வெர்னன் பின்வாசல் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். வெயிலில் வெந்து சிவந்த முகம், திட்டு வாங்கப்போகும் பிள்ளையுடையதைப் போலக் கோணியது.

"மூணு தடவை கெடுத்தேன், லோர்னா. ஒரு தடவையாவது 'ஊருக்குப் போயிடலாம்'னு நீ சொல்லியிருக்கக் கூடாதா?"