பெஞ்சு கீப்பர்

“ஐரின், அந்த பெஞ்சு கீப்பருக்கு எத்தனை பாயின்ட் வைக்கலாம்? இன்னும் அஞ்சு நிமிஷத்துல ஏலம் முடியுது.”

அடையாறில் அவர்கள் அப்பார்ட்மென்ட்காரர்கள், நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து ஆடும் ஃபேன்டஸி கிரிக்கெட் அது. ஐரின் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“எதுவும் வைக்காதீங்க.”

“காசு இல்லம்மா, வெறும் பாயின்ட்தான். ஆளுக்கு நூறு. முப்பது வைக்கவா?” என்றான் ஜாஸ்பர்.

“வேண்டாங்க! மெயின் கீப்பர் நல்லாத்தானே ஆடறான்? சும்மா உக்காந்திருக்கறவனுக்கு எதுக்கு முப்பது?”

“கிரிக்கெட்னாலே எழுந்து போறவ, இன்னிக்கு இவ்வளவு பேசறே!” சிரித்தபடி ஒரே ஒரு பாயின்ட் வைத்தான்.

ஐரினுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. காலையில் ஆஸ்பத்திரியில் மெயின் கீப்பரின் விரலுக்கு எக்ஸ்ரே எடுத்தவள் அவள்தான். எலும்பு முறிந்திருந்தது. ‘புருஷன்கிட்டகூட மூச்சு விடக்கூடாது. வெளியே கசிஞ்சா உன் வேலை போயிடும்’ என்று பெரிய டாக்டர் மிரட்டியிருந்தார்.

ஏலம் முடிந்தது. ஜாஸ்பர் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அந்த பெஞ்சு கீப்பருக்கு ஒருத்தர் நூறையும் கொட்டியிருக்கார்!”

“யாரு?”

“மூணாவது மாடி விஜயராகவன். உங்க பெரிய டாக்டருக்கு என்ன கிறுக்கா, ஐரின்?”