ஆந்தைக்குக் கேட்டுவிடும்

"சத்தம் போடாதம்மா! உள்ள ஆளு இருக்கு."

வாசல் கேட்டிலேயே மறித்துக் கிசுகிசுத்தாள் சுசித்ரா.

"யாருடீ?" என்றாள் அவள் அம்மா சிவபாக்கியம். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவள். அவள் கிசுகிசுத்தாலே நாலு கடை தள்ளிக் கேட்கும்.

"ஆந்தைம்மா. கரண்டு கம்பியில அடிபட்டு ரெக்கை ஒடிஞ்சு வந்துச்சு."

சுசித்ராவும் அவள் கணவன் ஆனந்தும் கொடைக்கானலில் ஒரு தன்னார்வக் குழுவில் இருந்தார்கள். அடிபட்ட பறவை, விலங்குகளை வனத்துறைக்குச் சொல்லிவிட்டு எடுத்து வந்து, தேற்றி, மறுபடி காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அட்டுவம்பட்டி வீட்டின் பின்னறை அதற்கென்றே ஒதுக்கியது.

"அதுக்கு மனுசக் குரல் பழகிறக் கூடாதும்மா. பழகிருச்சுன்னா காட்டுல விட்டாலும் ஆளைத் தேடி வந்துரும். அதான் வீட்டுக்குள்ள நாங்க பேசிக்கிறதே இல்ல."

சிவபாக்கியத்துக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. முந்தாநாள் பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் போன் செய்திருந்தாள். "உங்க மகளும் மாப்பிள்ளையும் மொகங்குடுத்துப் பேசியே நான் பாக்கலைங்க. என்னமோ சரியில்ல." அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரே மகள் வேறு. கணவர் ஞானவேலோ கோபக்காரர். "நெசமாவே சண்டைன்னா சாயங்காலமே புள்ளையக் கூட்டிட்டு வந்துரு" என்று, மகளின் துணிமணிக்காகப் பெரிய காலிப் பை ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

சத்தம் கேட்டு ஆனந்த் வெளியே வந்தான். "வாங்க அத்தை" என்று ஆரம்பித்தவனைப் பார்த்து சுசித்ரா உதட்டில் விரல் வைத்தாள்.

"ஆந்தை!"

ஆனந்த் ஒரு நொடி முழித்தான். பிறகு அவனும் உதட்டில் விரல் வைத்துக்கொண்டான்.

ஹாலில் ஒரு நோட்டும் பேனாவும் வந்தன. 'காபியா, டீயா?' என்று எழுதி நீட்டினான் ஆனந்த். சிவபாக்கியம் பதில் எழுத உட்கார்ந்தாள். பஸ்ஸில் வாந்தி எடுத்த குழந்தை, பெருமாள்மலையில் ரோட்டை மறித்து நின்ற காட்டெருமை என்று ஒன்றரைப் பக்கம் போனபிறகு, கடைசி வரியில் 'காபி' என்று முடித்தாள்.

காபி குடித்துவிட்டுக் கை கால் கழுவப் பின்பக்கம் போனாள். திரும்பி வரக் கொஞ்சம் நேரம் ஆனது. கொடைக்கானல் தண்ணீரின் சில்லிப்பு அப்படி.

வந்ததும் நோட்டை இழுத்து எழுதினாள்: 'ஆந்தைக்கு எப்பச் சாப்பாடு?'

மகளும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'பன்னெண்டு மணிக்கு' என்று எழுதினாள் சுசித்ரா.

'ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் ஊட்டணும்ல? ரெண்டு பேருமாப் போங்க.'

பன்னிரண்டு மணிக்குக் கோழிக்கறியைத் துண்டு போட்டுத் தட்டில் எடுத்துக்கொண்டு இருவரும் பின்னறைக்குள் போனார்கள். கதவு சாத்தியதும் சிவபாக்கியம் வெளியே தாழ்ப்பாளைப் போட்டாள். காற்றில் கதவு திறந்து ஆந்தை வெளியே வந்துவிட்டால் யார் பதில் சொல்வது? நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே காவலுக்கு உட்கார்ந்தாள்.

உள்ளே சத்தமே இல்லை. கந்தம்மாள் வீட்டு நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னறை ஜன்னல் பக்கம் ஓடி, எதையோ மென்றுகொண்டு திரும்பியது. கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ உள்ளிருந்து மெல்லத் தட்டினார்கள். சிவபாக்கியம் ஒரு சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினாள்: 'தட்டாதீங்க. ஆந்தை பயப்படும்.'

அப்புறம் சுசித்ராவின் குரல் கேட்டது. கோபமா, அழுகையா, தெரியவில்லை. ஆனந்த் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னான். மறுபடி அவள். மறுபடி அவன். சிவபாக்கியத்தின் கை மடியிலிருந்த காலிப் பையை இறுக்கிப் பிடித்தது. பழனி முருகனை மனசுக்குள் கூப்பிட்டாள்.

வெகுநேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுசித்ரா சிரிப்பது கேட்டது. கூடவே ஆனந்தின் சிரிப்பும்.

சிவபாக்கியம் அடுத்த சீட்டைத் தள்ளினாள்: 'சிரிக்காதீங்க. ஆந்தைக்குக் கேட்டுரும்.'

உள்ளே சிரிப்பு இன்னும் கூடியது. அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

நாலு மணி பஸ்ஸுக்கு இருவரும் சேர்ந்தே வந்து ஏற்றிவிட்டார்கள். பஸ் நகர்ந்ததுமே ஞானவேலிடமிருந்து போன்.

"என்ன, புள்ள வர்றாளா? பை நெறைஞ்சுச்சா?"

"நெறைஞ்சுச்சுங்க. மாப்பிள்ளை மலைப்பூண்டும் காரட்டுமா அமுக்கிக் குடுத்திருக்காரு. அவ எதுக்கு வரணும்? ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுக."

"அப்ப ஏன் பேசிக்கலையாம்?"

"வீட்டுல அடிபட்ட ஆந்தை இருக்கு, அதுக்குக் கேட்டுரக் கூடாதுன்னு சொல்லுச்சுக."

"அப்படியா! பாவம், அது இப்ப எப்படிக் கெடக்கு?"

"அது பறந்துபோயி மூணு வாரமாச்சுங்க" என்றாள் சிவபாக்கியம். "ரெண்டு மாசம் ஊட்டி வளத்தவ ஊருல இல்லாத நேரம் பாத்து மாப்பிள்ளை காட்டுல விட்டுட்டாரு போல. பின்னறையில கூண்டு காலி. அதுல தொங்குற அட்டையில 'பறக்க விட்டாச்சு'ன்னு அவரு தேதி போட்டு எழுதியிருக்காரு, அதுக்குக் கீழயே 'என்னைக் கேக்காம'ன்னு இவ எழுதியிருக்கா. காலையில கை கழுவப் போனப்பவே எல்லாம் பாத்துட்டேன். அதான் ரெண்டையும் உள்ள அனுப்பித் தாழ்ப்பாளப் போட்டேன்!"