உள்ளங்கை உப்பு

அந்தச் சில்லு நகத்தளவுதான் இருக்கும். கண்ணாடியின் மேல் கறுப்பாக ஒரு பூச்சு, அவ்வளவே. வெயில் பட்டால் மின்சாரம் தரும். ஈரம் பட்டால் மஞ்சளாகிச் செத்துப்போகும். எட்டுச் சில்லுகள் அப்படித்தான் போயின. எல்லாமே ஆய்வுக்கூடத்திலிருந்து எதிர்க் கட்டடத்து இயந்திரத்துக்கு அளக்கக் கொண்டுபோன வழியில், நாற்பதடி முற்றத்தில். ஒன்பதாவது சில்லு ஆயிரம் மணி நேரம் விளக்கடியில் கறுப்பு மாறாமல் கிடந்தது. இதுவும் மஞ்சளானால் ரெனிட்டாவின் ஐந்து வருட ஆராய்ச்சியை இழுத்து மூடிவிடுவார்கள்.

அங்கே கூட்டிப் பெருக்குகிற மாடத்தி வாசலை மறித்து நின்றாள். இருபது வருடம் உப்பளத்தில் கால் வெந்தவள். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உப்பை வைத்துக் காற்றுக்கு நீட்டியிருந்தாள்.

“பொறு பிள்ள. கெழக்கேருந்து கொண்டக்காத்து அடிக்கி. கடல் ஈரம் இன்னும் போகல, உப்பு ஒட்டுது.”

“ஈரம் பாக்குற மீட்டர் சரியாத்தானக்கா காட்டுது?”

“அது எந்த அளத்துல உப்பு வாருச்சாம்?”

ரெனிட்டா சிரித்துவிட்டுக் காத்திருந்தாள். வெயில் சாயும்போது மேற்கிலிருந்து வறண்ட மேல்காற்று திரும்பியது. உப்பு பரல் பரலாக உருண்டது.

“இப்பம் வா.”

மாடத்தி உப்பைக் கைக்குள் மூடிக்கொண்டு முன்னால் நடந்தாள். ரெனிட்டா சில்லுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பின்னால் வந்தாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். முற்றம் வெள்ளைவெளேரென்று, பாத்தி பாத்தியாக உப்பு விளைந்து கிடப்பதுபோல நீண்டுகொண்டே போனது. பாதி வழியில் கைக்குள் உப்பு பிசுபிசுத்தது. காற்று மாறிவிட்டதா, தன் வேர்வைதானா என்று மாடத்திக்குத் தெரியவில்லை. கையை விரிக்காமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.