உப்பு அவள் பொறுப்பு

தையல்காரர் வீட்டில் ரொட்டி சுடுவதற்கு ஒரு சட்டம் உண்டு. மாவு பிசைவது அவர். உப்புப் போடுவது அவர் மனைவி. கல்யாணமான புதிதில் ஒருநாள், மற்றவர் மறந்திருப்பார் என்று நினைத்து ஆளுக்கொரு ஸ்பூன் போட்டுவிட்டார்கள். வாயில் வைக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் உப்பு டப்பாவைத் தொட்டதே இல்லை.

மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. ஞாயிறுதோறும் அவர் இரண்டு பேருக்கு அளந்து மாவு பிசைந்து, ஈரத்துணியால் மூடிவிட்டுக் குளிக்கப் போவார். வந்து சுடுவார். உப்பு ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததுமில்லை.

இந்த ஞாயிறு அவருடைய அக்கா வந்திருந்தாள். ஓவனிலிருந்து எடுத்த ரொட்டியை ஒரு கடி கடித்ததுமே அவள் முகம் அஷ்டகோணலாயிற்று.

"ஐயய்யோ, கரிக்குதேடா! நீ உப்புப் போட்டியா?"

"நான் எப்பவுமே போடறதில்லக்கா."

"அதான் நானும் பார்த்தேன். போடாமலே குளிக்கப் போறியேன்னு நான்தான் ஒரு ஸ்பூன் போட்டுப் பிசைஞ்சு வெச்சேன். ஒரு ஸ்பூனுக்கா இந்தக் கரிப்பு?"

தையல்காரர் தன் ரொட்டித் துண்டைக் கடித்துப் பார்த்தார். கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு ஸ்பூன் போட்ட அன்றைய அதே ருசி. சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இனிமே நீ போடாதக்கா," என்றார்.

அக்கா மேல்தட்டில் ஏற்றி வைத்திருந்த உப்பு டப்பாவைத் தையல்காரர் இறக்கினார். துடைத்து, பழையபடி கீழ்த்தட்டில், குள்ளமான மனைவிக்குக் கை எட்டும் இடத்தில் வைத்தார்.