பிளக் பக்கத்து நாற்காலி

"சப்பாத்து போட்டிருக்கியா?"

வராந்தா நாற்காலியில் இருந்து வந்த கேள்வியைக் கேட்டு மருதமுத்து தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான். முழங்கால் வரை கறுப்பு ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவர் எதிரிலேயேதான் நின்றுகொண்டிருந்தான். இதில் கேட்க என்ன இருக்கிறது?

"போட்டிருக்கேங்கய்யா."

"சிலிப்பாரா, மூடின சப்பாத்தா?"

"மூடினதுதாங்க."

கேட்டவர் ராஜரத்தினம். முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் பேசினார். வேலைக்காரனின் முகத்தைப் பார்த்துப் பேசினால் மரியாதை குறைந்துவிடுமாக்கும் என்று மருதமுத்து மனசுக்குள் பொருமினான்.

ஆனாலும் அவனுக்கு இந்த வேலை வேண்டும். எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு மலாக்காவுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. காஜா பேராங் பகுதியில் இருக்கும் இந்த வீட்டு ருக்மணி டீச்சர்தான் நம்பி வேலை கொடுத்தார். முன்பு இருந்த வெள்ளைக்காரத் தலைமையாசிரியை கப்பலேறியதும், அந்தப் பதவியும் இந்த வீடும் டீச்சருக்கு வந்திருந்தன. கூடவே, கொட்டகையில் கிடந்த மின்சாரப் புல்வெட்டும் மெஷினும்.

"அடுத்த வாரம் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். பள்ளிக்கூடத்துப் பெற்றோரெல்லாம் இங்கதான் தேத்தண்ணி குடிக்க வர்றாங்க. புல்லு அழகா இருக்கணும். மெஷின் விஷயத்துல மட்டும் அண்ணன் சொல்றபடி கேட்டுக்க" என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே டீச்சர் கிளம்பிவிட்டார்.

அந்த அண்ணன்தான் இந்த ராஜரத்தினம்.

"புல்லு காஞ்சிருக்கா?"

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "காஞ்சிருக்குங்க."

"வாயால சொல்லாத. குனிஞ்சு தொட்டுப் பாத்துட்டுச் சொல்லு. ஈரத்துல கரண்டு மெஷின ஓட்டக்கூடாது."

தொட்டுப் பார்த்தான். "காஞ்சுதாங்க இருக்கு."

"கல்லு, குச்சியெல்லாம் பொறுக்கிட்டியா? ஒயர் எங்கயாச்சும் கிழிஞ்சிருக்கா? முழுசும் கையில உருவிப் பாரு."

அறுபதடி ஒயரை உருவிப் பார்த்து முடிப்பதற்குள் மருதமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. இருபது வருஷம் கத்தி பிடித்துப் புல் வெட்டியவன். அவனுக்கே பாடமா?

"ஒயரத் தோள்ல போட்டுக்க. வீட்டுப் பக்கத்துல ஆரம்பிச்சுத் தள்ளித் தள்ளிப் போ. ஒயர் எப்பவும் உன் முதுகுக்குப் பின்னாலதான் இருக்கணும். பிளக்க நான்தான் சொருகுவேன், நான்தான் பிடுங்குவேன். மெஷின்ல கை வைக்கணும்னா முதல்ல எனக்கு ஒரு குரல் குடு. என்ன?"

"சரிங்கய்யா."

நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் அவர் பிளக்கைச் சொருகியதும் மெஷின் 'உர்ர்' என்று கிளம்பியது. ஒரு வரிசை வெட்டித் திரும்புவதற்குள், "ஒயர் தோள்ல இருக்கா?" என்று குரல் வந்தது. அடுத்த வரிசையில் மறுபடியும். நாலாவது தடவை கேட்டபோது மருதமுத்து காதில் விழாத மாதிரி இருந்துவிட்டான்.

வேலி ஓரம் புல் அடர்த்தியாக இருந்தது. இரண்டு எட்டுத் தள்ளுவதற்குள் மெஷின் திணறி நின்றுவிட்டது. பிளேடு சுற்றவில்லை. உள்ளே கொத்தாகப் புல் அடைத்துக்கொண்டிருந்தது.

முதல் நாளே மெஷினைக் கெடுத்துவிட்டான் என்று பேராகிவிட்டால்? அவருக்குக் குரல் கொடுத்தால் அதற்கும் நாலு கேள்வி வரும். சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது அந்தப் பதற்றத்தில் மறந்தே போயிற்று. குனிந்தான். பிளேடுகளுக்கு நடுவே கையை விட்டு அந்தக் கொத்தைப் பிடித்து இழுத்தான்.

"கைய எடுடா!"

வராந்தாவில் இருந்து வந்த சத்தத்தில் தெருவில் போன சைக்கிள்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். அதே நொடியில் புல் கொத்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பிளேடு வெடுக்கென்று கால் சுற்றுச் சுற்றி, அவன் நகத்தைச் சீவிக்கொண்டு, அப்படியே நின்றது.

அங்கே ராஜரத்தினம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருந்தார். அவர் கையில் பிடுங்கிய பிளக். மூச்சு வாங்கியது.

மருதமுத்து கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இன்னொரு கால் சுற்று சுற்றியிருந்தால்? இந்தக் கையை நம்பித்தானே நாலு வயிறு சாப்பிடுகிறது?

தட்டுத் தடுமாறி வராந்தாப் படியேறி அவர் எதிரில் போய் நின்றான். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"ஐயா, என்னை மன்னிச்சிருங்க. காலையில இருந்து உங்கள மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே இருந்தேன். தெருவப் பாக்குற மாதிரி இருந்துக்கிட்டு, ஓரக்கண்ணால கழுகு மாதிரி என்னையே பாத்துக்கிட்டு இருக்காரேன்னு எரிச்சல் பட்டேன். அப்படிப் பாத்ததாலதான்யா என் கை மிஞ்சிச்சு. உங்க கண்ணுக்குக் கோடிப் புண்ணியம். இதோ பாருங்கய்யா, அஞ்சு விரலும் இருக்கு!"

முகத்துக்கு நேராகக் கையை விரித்துக் காட்டினான்.

ராஜரத்தினம் அதைப் பார்க்கவில்லை. வலது கையை நீட்டிக் காற்றில் துழாவினார். அவன் கை அகப்பட்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலில் இருந்து ஒவ்வொன்றாகத் தடவி ஐந்து வரை எண்ணினார்.

"மோட்டாரு சுத்தாம முனகிச்சு. சுவிட்ச அணைக்கிற சத்தம் கேக்கல. அத வச்சுத்தான் புடுங்கினேன்" என்றார். "நான் ஒயர்மேனா இருந்தப்ப, கம்பத்துல நான் நிக்கிறது தெரியாம ஒருத்தன் கரண்டு விட்டுட்டான். அன்னைக்கு அவிஞ்ச கண்ணுப்பா இது. பன்னெண்டு வருஷத்துல மொத ஆளா, நான் பாக்குறேன்னு நெனச்சு என்னை வஞ்சியே, அதுக்கு நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்."