பிணம் சொன்ன வசனம்

"இந்த வருஷம் நான் அழ மாட்டேன் அண்ணே. பிணமா நான் படுத்துக்கறேன். இவர் அழட்டும்."

தையல்காரர் வாயில் கவ்வியிருந்த குண்டூசி கீழே விழுந்தது. ஊசியைத் தேடுவதா, தலையில் கை வைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

தெருக்காரர்கள் சேர்ந்து போடும் நாடகம் அது. மூன்று தலைமுறையாக அதே கதை. புயலில் போன படகுக்காரன் கடைசியில் பிணமாகத் திரும்புவான்; மனைவி அவன் மேல் விழுந்து அழுவாள். கலை விழா அன்று தெரு மன்றத்தின் கதவை அகலத் திறந்து வைப்பார்கள். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். வருகிறவர்கள் அந்த அழுகைக்காகவே கைக்குட்டையும் கையுமாக வருவார்கள். சைக்கிள் கடைக்காரர் பிணம், அவர் மனைவி அழுகை. கல்யாணமான வருஷத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. தன் அப்பா காலத்துக்குப் பிறகு நாடகத்துக்கு வாத்தியார் தையல்காரர்தான்.

"உன் அழுகைக்குத்தானேம்மா கூட்டமே வருது? மாப்ளைக்கு மூச்சை அடக்கத் தெரியும். அழத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது," என்றார் சைக்கிள் கடைக்காரர். "நானும் சொல்லிப் பார்த்துட்டேன் அண்ணே. காரணம் கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா."

"வேணும்னா வேற ஜோடி பாருங்க," என்றாள் அவள்.

வேறு ஜோடிக்கு எங்கே போவது? புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ தகராறு என்று தையல்காரர் முடிவு கட்டினார். நடுவில் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் இரண்டு மாதம் அவள் அக்கா ஊரில் போய் இருந்துவிட்டு வந்தார்கள். அங்கே யாரோ மூட்டிவிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கைதட்டல் வாங்கி வாங்கி அவளுக்குத் தலைக்கனம் ஏறியிருக்க வேண்டும். வாய்க்குள் திட்டிக்கொண்டே கதையை மாற்றினார். இப்போது படகுக்காரன் உயிரோடு திரும்புவான், மனைவி செத்துக் கிடப்பாள்.

பழைய படகுக்காரச் சட்டை சைக்கிள் கடைக்காரர் மேல் தொளதொளவென்று தொங்கியது.

"என்ன மாப்ளே, பாதி ஆளாயிட்டே?"

"இவ அக்கா சமையல் அப்படி."

அவள் சிரிக்கவில்லை. தையல்காரர் சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார்.

ஒத்திகை மகா கொடுமை. "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்ற வசனத்தை, பஞ்சர் ஒட்ட எவ்வளவு ஆகும் என்று சொல்வது போலச் சொன்னார் மனிதர். வெங்காயம் உரித்துக் கண்ணருகே காட்டினார்கள். மூக்குதான் ஒழுகியது. தையல்காரருக்கு உறக்கம் போயிற்று. அப்பா கட்டிக் காத்த நாடகத்தைப் பார்த்து இந்த வருஷம் ஊரே சிரிக்கப் போகிறது.

விழா அன்று மன்றம் நிரம்பி வாசல் வரை கூட்டம். கடைசிக் காட்சி வந்தது. கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தி அவள் கிடந்தாள். படகுக்காரன் பக்கத்தில் மண்டியிட்டு, "ஐயோ, என்னை விட்டுட்டு..." என்றான். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போதுதான் தையல்காரர் பார்த்தார். பிணத்தின் உதடு அசைந்தது.

"பிணம் பேசுது! மானம் போச்சு!" அவர் திரைக் கயிற்றை எட்டிப் பிடித்தார்.

இழுக்கவில்லை. மேடையில் சைக்கிள் கடைக்காரரின் முகம் கோணியது. வசனத்தை விட்டுவிட்டார். மனைவியின் கையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கத் தேம்பித் தேம்பி அழுதார். மன்றம் கப்சிப் ஆனது. பிறகு ஒவ்வொரு வரிசையாக மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. தையல்காரரே தோளில் கிடந்த அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரை விழுந்ததும் உள்ளே ஓடினார்.

"அடேங்கப்பா! இத்தனை வருஷ நாடகத்துல இப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை மாப்ளே. என்னம்மா சொன்னே அவன்கிட்ட? திட்டினியா?"

அவள் வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிள் கடைக்காரர் படகுக்காரச் சட்டையைக் கழற்றினார். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நீளத் தழும்பு, இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது.

"அக்கா ஊருக்குப் போனது இதுக்குத்தான் அண்ணே. சொன்னா எல்லாரும் பதறுவீங்கன்னு சொல்லலை," என்றார் மெதுவாக. "'ஆபரேஷனுக்கு உங்களை வெள்ளைத் துணி போத்தித் தள்ளிக்கிட்டுப் போனதைப் பார்த்தவ நான், நாடகத்துக்குக்கூட இனிமே உங்களை அப்படிப் பார்க்க மாட்டேன், யாராவது படுத்துத்தான் ஆகணும்னா நானே படுத்துக்கறேன்'னு இப்ப மேடையிலதான் சொன்னா."